வெஞ்சனம் எத்தனை தடவை?

சத்யபிரியாவின் பதவிப் பெயர் அவளைவிட நீளம். 'முதுநிலை ஆராய்ச்சி இணைப்பேராசிரியர், பொது சுகாதாரம் மற்றும் உடல் பருமன் தடுப்பு ஆய்வுப் பிரிவு' என்று கதவுக்குப் பலகை எழுதக் கொடுத்தபோது, மணிக்கூண்டுப் பக்கம் போர்டு எழுதும் கடைக்காரர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இம்புட்டும் ஒரே ஆளாம்மா?" என்று கேட்டார். ஒரே ஆள்தான். பலகையில் இடம் பத்தாமல் 'தடுப்பு' என்ற சொல்லை மட்டும் அவர் கழற்றிவிட்டார். ஒன்பது வருடமாகப் பலகை அப்படியேதான் தொங்குகிறது. தடுப்பு காணாமல் போனதைப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பல்கலைக்கழகம் நத்தம் ரோட்டில் இருக்கிறது. தனியார். பெயரைச் சொன்னால் வாசலில் நிற்கும் நிறுவனர் சிலை கோபித்துக்கொள்ளும், அதனால் பெயர் வேண்டாம். சிலைக்கு மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடிப்பார்கள். சத்யபிரியாவின் ஆய்வுப் பிரிவு, முன்பு சைக்கிள் நிறுத்தும் இடமாக இருந்து சுவர் வைத்து அறையாக்கிய கட்டடத்தில் இயங்கியது. எடை பார்க்கும் கருவிகள் ஆறு, இடுப்பு அளக்கும் டேப் பன்னிரண்டு, களப்பணியாளர்கள் எட்டுப் பேர், ஒரு மின்விசிறி. உலகத்தரம் என்று வலைத்தளத்தில் போட்டிருந்தார்கள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது சாணார்பட்டியில் இருந்த அவளுடைய அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "எம் மக டாக்டரு" என்று ஆரம்பிப்பாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். "ஆஸ்பத்திரி இல்ல. குண்டா இருக்கவங்களப் பத்தி எழுதுறா" என்பாள். "எழுதி?" என்று கேட்பார்கள். அதற்கு அம்மாவிடம் பதில் இருக்காது. பல்கலைக்கழக நிர்வாகத்திடமும் இருக்கவில்லை என்பதை அம்மாவுக்குச் சொன்னால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊரில் ஒரு கல்யாணம் காதுகுத்து என்று போனால் போதும், "என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட? மாப்ள சோறு போடுறாரா இல்லியா?" என்று சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவள் எடை அவளுடைய உயரத்துக்குச் சரியான எடை. அதை அட்டவணை போட்டு நிரூபிக்க அவளால் முடியும். அப்படி ஒரு தடவை நிரூபிக்கப் போய், "புள்ளைக்கு என்னமோ ஆகிப்போச்சு, நம்பரு நம்பரா பேசுது" என்று பேச்சு வந்தது. இந்த ஊரில் உடம்பு வைத்தால் 'பூசுனாப்ல இருக்கு' என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள், இளைத்தால் துக்கம் விசாரிப்பார்கள். இங்கே உட்கார்ந்து உடல் பருமனைத் தடுக்கப் போகிறேன் என்று கிளம்பினாள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கே ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

விருது கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் துறைத்தலைவர் வேலுமணி. ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மரியாதை அந்த 'ங்க'வோடு முடிந்துவிடும். வருடா வருடம் உடல் பருமன் விழிப்புணர்வு நாளை அவர் தலைமையில் கொண்டாடுவார்கள். காலையில் கேசரியும் பஜ்ஜியும், மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி, நடுவில் கருத்தரங்கம். "நாவடக்கம் வேணுமுங்க" என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கி வந்து, "அந்த ரெண்டாவது அண்டா திறந்தாச்சுங்களா?" என்று கேட்பார். அதையும் சும்மா சொல்லக் கூடாது, கருத்தரங்குக்குக் கூட்டம் வருவதே அந்த அண்டாவால்தான்.

இவ்வளவையும் சத்யபிரியா ஏன் பொறுத்துக்கொண்டாள் என்றால், அவள் வேலை நிரந்தரமில்லை. ஒப்பந்தம் பதினோரு மாதம். பன்னிரண்டாவது மாதத்தில் ஒரு நாள் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டு மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்பது வருடத்தில் ஒன்பது தடவை வேலை போயிருக்கிறது. இந்த வருடம் ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது, குழு திருப்தியாகப் போனால் பதவியை நிரந்தரமாக்கிவிடலாம் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. நாற்பத்தேழு வயதில் அவள் வேண்டியது அது ஒன்றைத்தான். குழு திருப்தியாகப் போவதற்குத் தேவையான எண்ணும் அவள் கையில் இருந்தது. அந்த எண் வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழாக்கம் செய்ய அறக்கட்டளை ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. அந்தப் புண்ணியவான்கள் பன்னிரண்டாம் கேள்வியை இப்படி எழுதியிருந்தார்கள்: 'சராசரி நாளொன்றில் தாங்கள் எத்தனை பரிமாறல் அளவுக் காய்கறிகளை நுகர்கிறீர்கள்?' முன்னோட்டமாக நிலக்கோட்டையில் பூப்பறிக்கும் பெண்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். பூக்கூடையை இறக்கி வைத்த ஒருத்தி செத்த நேரம் யோசித்துவிட்டு, "நுகர்றதுன்னா மோந்து பாக்குறது தான? மல்லிய மோந்து பாப்போம். கத்திரிக்காய எதுக்குத் தாயி மோந்து பாக்கணும்?" என்று கேட்டாள். ஆத்தூரில் கேட்டதற்கு, 'பரிமாறல்' என்ற சொல்லைக் கேட்டதும், "யாரு வீட்டு விசேசம்?" என்றார்கள்.

களப்பணியாளர்களில் மூத்தவள் முனீஸ்வரி. பத்து வருடம் வீடு வீடாகப் போய்க் காலில் ஆணி விழுந்தவள். அவள்தான் சொன்னாள்: "மேடம், இது வேலைக்காகாது. வெஞ்சனம்னு கேளுங்க. எத்தனை தடவை வெஞ்சனம் வச்சுக்கிறீங்கன்னு கேட்டா டக்குன்னு சொல்லிருவாங்க."

சத்யபிரியா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சரிதானே? அவள் வளர்ந்த மானாவாரிக் காட்டு வீட்டில் வெஞ்சனம் என்றால் முருங்கைக்கீரை, இல்லாவிட்டால் அவரைக்காய், அதுவும் இல்லாவிட்டால் வேலியில் படர்ந்த பீர்க்கங்காய். கடையில் எதையும் வாங்கித் தின்ன வழியில்லாத வீடு அது. வெஞ்சனம் என்ற சொல்லைக் கேட்டால் அவள் கண்ணுக்குப் பச்சையாகத்தான் எதுவும் தெரியும். அந்தப் பச்சையை நம்பிப் பன்னிரண்டாம் கேள்வியை மாற்றி எழுதிக் கையெழுத்தும் போட்டாள். வேலுமணி மேலொப்பம் போட்டார். அவர் எதற்கும் மேலொப்பம் போடுவார். ஒரு தடவை கேன்டீன் மெனுவுக்கே போட்டிருக்கிறார்.

கேள்வி புரிந்துவிட்டது. புரிந்தது என்றால் அப்படி ஒரு புரிதல். இரண்டாயிரத்து நானூறு வீடு, ஒரு வீட்டில் கூடத் தயக்கம் இல்லை. 'மூணு தடவை', 'நாலு தடவை', 'அது இல்லாம எப்படிச் சோறு எறங்கும்' என்று மடமடவென்று பதில் வந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்து மனிதர் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புள்ளி ஆறு தடவை காய்கறி உண்கிறார் என்று வந்தது. சைவ மடத்துச் சாமியார்கள்கூட வெட்கப்படும் கணக்கு. ஆனால் அதே மனிதர்களில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேருக்கு எடை அதிகம் என்றும் வந்தது.

சத்யபிரியாவுக்கு இடித்தது. இவ்வளவு காயைத் தின்று எப்படி இவ்வளவு சதை? ஆனால் வேலுமணிக்கு இடிக்கவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "மேடம், இது சாதாரண விசயம் இல்லீங்க. இதுக்குப் பேரு வெச்சாகணும். 'திண்டுக்கல் முரண்'. எப்படி இருக்குதுங்க?" என்றார். பேர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பத்திரிகையில் அவர் படத்தோடு செய்தி வந்தது. இந்த மண்ணின் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று ஒரு கட்டுரையும் எழுதினார். மண்ணைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால் கட்டுரை தங்கு தடையில்லாமல் ஓடியது.

இதில் இன்னொன்றும் நடந்தது. அறக்கட்டளையிடம் ஒரு கூடைத் திட்டம் இருந்தது. சாணார்பட்டி வட்டாரத்தில் நாற்பது ஊர்களுக்கு வாரம் ஒரு கூடை காய்கறி, பெண்கள் இருக்கிற வீடுகளுக்கு. சத்யபிரியா அனுப்பிய முதல்கட்ட அறிக்கையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு காய்கறி தின்கிறவர்களுக்கு எதற்கு இன்னும் கூடை என்று அதை நிறுத்தி வைத்தார்கள். மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்துச் சரியென்று சொன்னால் கூடை ஒரேயடியாக வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். முரணுக்குப் பேர் வைத்த மகிழ்ச்சியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்யபிரியாவும் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை.

குழு வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, அவர்களை அழைத்துப் போய்க் காட்டுவதற்கு ஒரு நல்ல வீடாகப் பார்க்கச் சொன்னார் வேலுமணி. ஒரு நாளைக்கு ஐந்து தடவை காய்கறி என்று பதிவான வீடு ஒன்று சாணார்பட்டியைத் தாண்டி இருந்தது. வீட்டுக்காரி பெயர் கருப்பாயி, வயது ஐம்பத்தொன்று, எழுபத்து நான்கு கிலோ, நூறு நாள் வேலைக்குப் போகிறவள். முனீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு சத்யபிரியா மத்தியானம் போய் இறங்கினாள்.

கருப்பாயி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் மலை போலச் சோறு, ஓரத்தில் புளிக்குழம்பு. மறு ஓரத்தில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்றைப் பல்லால் கிழித்து மிச்சரைக் கொட்டிக்கொண்டாள்.

"வாங்க தாயி, சாப்பிடுங்க. வெஞ்சனம் இதான், கோவிச்சுக்கிறாதீங்க" என்றாள்.

சத்யபிரியா மிச்சரைக் கைகாட்டினாள். "இதா வெஞ்சனம்?"

"பெறகு? சோத்துக்குத் தொட்டுக்கிறது எல்லாம் வெஞ்சனந்தான?"

"காலையில என்ன வச்சுக்கிட்டீங்கக்கா?"

"கஞ்சிக்கு ஊறுகாய். நேத்து ராத்திரி அப்பளம். ஞாயித்துக்கெழம கோழி எடுத்தா அது. எம் மகன் புரோட்டா வாங்கியாந்தா ஆம்லெட்டு."

"காய்?"

"சந்தையன்னைக்குத் தக்காளி வெங்காயம் வாங்குவேன். குழம்புக்குள்ள போட்டுருவேன்." கருப்பாயி சோற்றைப் பிசைந்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "காய் விக்கிற வெலைக்கு நாங்க என்ன பண்ணையாரா?"

முனீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கினாள். வெளியே வந்ததும், "மேடம், எங்க வீட்லயும் வெஞ்சனம்னா இதெல்லாம் சேர்த்துத்தான். நீங்க காயைத்தான் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா கேக்குற வார்த்தை..." என்று இழுத்தாள். சொல்ல என்ன இருக்கிறது? இந்த ஊர்ச் சொல்லை இந்த ஊர்க்காரி ஒருத்தி, தன் வீட்டு அடுப்பை மட்டும் நினைத்துக்கொண்டு, ஊர் முழுவதற்கும் எழுதிவிட்டாள். சென்னைக்காரன் எவனாவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் ஆசை தீரத் திட்டியிருக்கலாம்.

அடுத்த மூன்று நாளும் நாற்பது வீடுகளுக்கு அவளே போனாள். நேற்று தட்டில் என்ன இருந்தது என்று கேட்டாள். கருவாடு, வடகம், சேவு, முட்டை, மோர் மிளகாய், ஆத்தூரில் ஒரு வீட்டில் பிஸ்கட் கூட வெஞ்சனமாக இருந்தது. காய் என்று பார்த்தால் நாளைக்கு ஒரு தடவைக்கும் கீழே. திண்டுக்கல் முரண் என்று ஒன்று கிடையாது. சோறும் மிச்சரும் தின்றால் உடம்பு போடும் என்பதில் என்ன முரண்? இதைக் கண்டுபிடிக்க ஆறு எடைக்கருவியும் ஒரு பல்கலைக்கழகமும் தேவைப்பட்டிருக்கின்றன.

வேலுமணியிடம் போய்ச் சொன்னாள். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அகராதியில என்ன போட்டிருக்குதுங்க?" என்றார்.

"தொடுகறின்னு போட்டிருக்கு சார்."

"கறிங்கற வார்த்தை வருதுங்களா, இல்லீங்களா?"

"வருது சார். ஆனா..."

"காய்கறியிலயும் அதே கறிதானுங்க மேடம்."

அவருடைய முப்பது வருட ஆராய்ச்சி அனுபவம் சும்மாவா? "சார், ஊறுகாயைக் காய்கறின்னு எழுதியிருக்கோம்" என்றாள் மெதுவாக.

"ஊறுகாய்லயும் காய் இருக்குதில்லீங்க!" என்றார் வேலுமணி, தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தைத் தானே ரசித்தபடி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பாருங்க மேடம். குழுவுல வர்ற ஷரீஃபாம்மா ரொம்பக் கறாரான ஆளு. முரணைக் காட்டுனா அசந்துருவாங்க. உங்க நிரந்தரம் உறுதி, எழுதி வெச்சுக்குங்க. ஊறுகாயைக் காட்டுனா உங்களுக்கும் ஒண்ணுமில்லீங்க, எனக்கும் ஒண்ணுமில்லீங்க. நல்லா யோசிங்க."

"கூடை போயிருமே சார்."

"கூடை போனா இன்னொரு கூடை வரும். போஸ்ட்டு போனா வராதுங்க." இதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

வீட்டில் புருஷன் அருண்பாண்டியிடம் சொன்னாள். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். உலகத்தில் உள்ள எந்தத் தாளையும் இரண்டு பக்கமும் பார்க்கிற ஆள். சாயங்காலக் காபியை ஆற்றிக்கொண்டே, "ஒரு வாரந்தான? வாயை மூடிட்டு இரு. நிரந்தரம் ஆகட்டும். பெறகு உண்மையைச் சொல்லு, யாரு வேணாங்கிறா?" என்றான்.

"நிரந்தரம் ஆனவங்க யாராச்சும் உண்மையைச் சொல்லிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அருண்பாண்டி காபியைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தான். பாவம், அவனுக்கு ஒருவர்கூட ஞாபகம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் இரண்டு மனசாகத்தான் இருந்தாள். அவளை ரொம்ப நல்லவளாகக் காட்டி இதை எழுதலாம், ஆனால் அது பொய். குழுவுக்கான படக்காட்சியில் பதினான்காம் பக்கத்தில் 'மூன்று புள்ளி ஆறு' என்று பெரிய எழுத்தில் அவளே வைத்தாள். வண்ணம் கூடப் பச்சை. வேலுமணி பார்த்துவிட்டு, "தூள் கிளப்பிட்டீங்க" என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் ஷரீஃபா, சென்னைக்காரர், அறுபதைத் தொடும் வயது, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் எதிரே இருப்பவருக்குத் தொண்டை வற்றும். வந்ததும் வராததுமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கூடைத் திட்டத்தை இன்னைக்கே முடிவு பண்ணிடலாம். இங்க தேவையில்லைன்னா வேற மாவட்டம் காத்துட்டிருக்கு" என்றார். வேலுமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சத்யபிரியா பதிமூன்று பக்கமும் ஒழுங்காகச் சொன்னாள். பதினான்காம் பக்கம் திரையில் விழுந்தது. பச்சை எழுத்து. ஷரீஃபா முதன்முறையாகப் பேனாவைக் கையில் எடுத்தார். "மூணு புள்ளி ஆறா? இந்தியாவுல நான் எங்கயும் இதைப் பார்த்ததில்லையே" என்றார்.

"நானும் பாத்ததில்ல மேடம்" என்றாள் சத்யபிரியா. அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "இது காய்கறி இல்ல. ஊறுகாய், அப்பளம், மிச்சர். கேள்வியில காய்கறிங்கிறதை நான் வெஞ்சனம்னு மாத்தினேன். அது தப்பான வார்த்தை. நாப்பது வீட்டுக்கு மறுபடி போய்ப் பாத்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை காய் சாப்பிடுறதே அபூர்வமா இருக்கு. கூடையை எடுத்துட்டுப் போயிறாதீங்க."

வேலுமணிக்கு வெற்றிலைப் பாக்கு புரையேறியது. தண்ணீர் குடித்தார், துடைத்துக்கொண்டார். பிறகு அந்த மனிதர் செய்தது இருக்கிறதே, கைதட்டியே ஆக வேண்டும். "இதை நாங்களே குழு முன்னாடி வெக்கணும்னுதானுங்க இத்தனை நாளா காத்துட்டு இருந்தோம்" என்றார். "எங்க துறையோட தரக் கட்டுப்பாடு அப்படீங்க."

ஷரீஃபா அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சத்யபிரியாவைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "வெஞ்சனம்" என்று தாளில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். மத்தியானம் பிரியாணி இருந்தது, அவர் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஆய்வு மூன்று வருடம் நீட்டிப்பு. கூடைத் திட்டம் சாணார்பட்டி வட்டாரத்தில் உடனே தொடங்கும். கேள்வித்தாள்களில் வட்டாரச் சொற்களைச் சரிபார்க்க நிரந்தரப் பதவி ஒன்று புதிதாக உருவாக்க அறக்கட்டளை நிதி தரும். அந்தப் பதவிக்குச் சென்னையிலிருந்து ஒருவரை நிர்வாகம் எடுத்தது. அவர் வந்த முதல் நாளே 'வெண்சனம்' என்று சொன்னார், முனீஸ்வரி எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். 'வெஞ்சனப் பிழை: ஒரு முறையியல் கண்டுபிடிப்பு' என்று வேலுமணி கட்டுரை எழுதினார். கடைசிப் பக்கத்தில், களத் தகவல் தந்து உதவியவர்கள் என்ற நன்றிப் பட்டியலில் சத்யபிரியாவின் பெயர் இருந்தது. முனீஸ்வரி பெயர் அதிலும் இல்லை.

சத்யபிரியாவுக்கு நிர்வாகத்திடமிருந்து தனியாக ஒரு கடிதம். தரவுப் பிழைக்கு அவரே பொறுப்பு என்பதால் நிரந்தரம் பற்றிப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு வழக்கம்போலப் பதினோரு மாதம். அதை வாசித்துவிட்டு அவள் அழுதாள். உண்மையைச் சொன்னவர்கள் அழ மாட்டார்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள் என்று யாராவது சொன்னால் அவர்கள் எந்த உண்மையையும் சொன்னதில்லை என்று அர்த்தம். அருண்பாண்டி கடிதத்தை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மடித்து வைத்தான்.

கூடை தொடங்கிய முதல் வாரம், புதுக் கேள்வித்தாளோடு அவள் கருப்பாயி வீட்டுக்குப் போனாள். போகும்போது, சும்மா சொல்லக் கூடாது, மனசில் கொஞ்சம் பெருமை இருந்தது. பதவி போனால் போகிறது, கூடை வந்ததே, நம்மால்தானே வந்தது என்று ஒரு நினைப்பு. யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் வேண்டாம் என்றிருக்க மாட்டாள்.

கருப்பாயி வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரைக்காய், முருங்கைக்காய், இரண்டு கட்டுக் கீரை, கேரட். கேரட்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். வீட்டுக்குள் சின்னக் குழந்தை ஒன்று அழும் சத்தம் கேட்டது. பூனைக்குட்டி போல மெலிசான குரல்.

"யாரு பிள்ளைக்கா?"

"எம் மக பெத்தது. பிரசவத்துக்கு வந்தா. ஒண்ணே முக்காக் கிலோதான் இருந்துச்சு. இருபது நாளு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க." கருப்பாயி கீரைக்கட்டை உதறி மண்ணைத் தட்டினாள். "அவளுக்கு ரத்தமே இல்லைன்னுட்டாரு டாக்டரு. மாசமா இருக்கையில காயி, கீரை குடுக்கலையான்னு என்னைய வஞ்சாரு."

சத்யபிரியா கேள்வித்தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"இந்தக் கூடையப் போன வருசமே குடுக்கிறதா இருந்தாங்களாமே? முனீஸ்வரி சொல்லுச்சு."

"ஆமாக்கா."

"பெறகு ஏன் குடுக்கல?"

இதற்கு அவளிடம் நல்ல நல்ல சொற்கள் இருந்தன. அளவீட்டுக் கருவி, சொற்பொருள் விலகல், திருத்திய மறு ஆய்வு. வேலுமணி கட்டுரை முழுக்க அதுதான். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றுகூட வரவில்லை.

"நீங்க ஒரு நாளைக்கு அஞ்சு தடவை காய் சாப்பிடுறீங்கன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன்கா."

கருப்பாயி கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்தாள். "நானா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நானா காய் சாப்பிடுறேன்? அதுவும் அஞ்சு தடவ?" என்று சொல்லிச் சிரித்தாள். உள்ளே குழந்தை மறுபடி அழுதது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

சத்யபிரியா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. கருப்பாயி திட்டவில்லை. காய்களைத் திரும்பக் கூடைக்குள் எடுத்துப் போட்டாள், கீரையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டாள், முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"இம்புட்டுத் தூரம் வந்தவுக," என்றாள், "எழுதுறதுக்கு முந்தி என்ன வெஞ்சனம்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தாயி?"